கார் ஷெட்டின் சூரிய உரிமை

அலுவலகத்தில் என்னை நிழல்காரி என்பார்கள். வேலை அப்படி. நகரத்தில் யாராவது கட்டடம் கட்ட அனுமதி கேட்டால், அது எழும்பி நின்ற பிறகு அதன் நிழல் எங்கெங்கே விழும் என்று நான் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாத கட்டடத்துக்கு இல்லாத நிழலை வரைகிற உத்தியோகம். சம்பளம் மட்டும் நிஜமாக வருகிறது, அதைக் குறை சொல்லக் கூடாது.

நான் இருப்பது மாநகராட்சியின் பருவநிலைப் பிரிவில். பூமி சூடாகிக்கொண்டே போகிறதல்லவா, அதன் ஜுரத்தைக் குறைக்கிற பொறுப்பை எங்கள் மாடியில்தான் வைத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாத அளவுக்கு அங்கே ஏ.சி. ஓடும். வாசலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய மின்பலகை ஒன்று உண்டு. நகரத்தில் எத்தனை கூரைகளில் சோலார் பேனல் ஏறியிருக்கிறது என்பதை அது சிவப்பு எண்ணில் காட்டும். எண் ஒன்று கூடினால் எங்கள் இயக்குநர் தமக்கே பேரன் பிறந்த மாதிரி பூரித்துப் போவார். யாராவது பெரிய மனிதர் வந்தால் முதலில் பலகைக்கு முன்னால் நிற்க வைத்துப் புகைப்படம், பிறகுதான் நாற்காலி.

பூமியின் ஜுரத்தைக் குறைக்க நான் தினமும் இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறேன். வீடு நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்தச் சம்பளத்துக்கு வீடு அங்கேதான் கிடைக்கும். முதல் பஸ் எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தது. ஓய்வு கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஏற்றத்தில் அது கக்குகிற புகையில் பின்னால் வருகிறவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொள்வார்கள். நகர எல்லை ஒரு பாலத்தில் தொடங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றும் தெரியாத காலத்தில், இயக்குநரிடம் கேட்டேன்.

"சார், என் பஸ் விடற புகையை எந்தக் கணக்குல சேர்க்கறோம்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்தானேம்மா விடுது?"

"பெரும்பாலும் அங்கதான் சார்."

"அப்போ அது நம்ம புகை இல்லை."

பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்ட புகை, எல்லைப் பலகையைப் படித்துவிட்டு மரியாதையாக அங்கேயே நின்றுவிடும் போலிருக்கிறது. நகரத்தில் வாடகை ஏற ஏற ஜனங்கள் மூட்டை முடிச்சோடு பாலம் தாண்டிக் குடிபோனார்கள். அவர்கள் போகப் போக எங்கள் ஆண்டறிக்கையில் நகரம் சுத்தமாகிக்கொண்டே வந்தது. மிச்சம் இருக்கிறவர்களையும் வெளியே தள்ளிவிட்டால் உலகப் பரிசே வாங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு நிழல் வரைவேன்.

என் வீட்டுக்காரர் கூரை மேல் சோலார் பேனல் பொருத்துகிறவர். சொந்த லைசென்ஸ், சொந்த ஏணி. அவர் ஏறுகிற கூரைகள் எல்லாம் நகரத்துக்குள்ளே. எங்கள் கூரை தகரம். அதில் பேனல் வைத்தால் பேனலும் கூரையும் நாங்களும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவோம். அவரும் இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர்தான். எங்கள் மகளுக்கு நாலு வயது. அவளைக் குட்டி என்று கூப்பிடுவோம். காலையிலிருந்து இரவு வரை பூட்டிய வீட்டில் ஒரு குழந்தையை வைத்துவிட்டுப் போக முடியுமா? அதனால் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, வேறு ஊரில் இருக்கிறவர், குட்டியைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷி. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் போய்ப் பார்ப்போம். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகும்போது விருந்தாளி மாதிரி கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று, அப்படிப் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு ஒரு முடிவு வரும் என்று நாங்கள் நம்பினோம். அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளி ரயில் நிலையம். அதை ஒட்டி, உபயோகத்தில் இல்லாத பணிமனை நிலம் புல் மண்டிக் கிடந்தது. அங்கே ஒன்பது மாடிக் குடியிருப்பு கட்டி, நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு வெளியே வசிக்கிற குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் கொடுப்பது என்று எப்படியோ ஒரு நல்ல உத்தரவு எங்கள் மாடியிலிருந்தே தப்பித்து வெளியே வந்துவிட்டது. கார் நிறுத்த இடம் கிடையாது. எதற்கு? இறங்கினால் ரயில். பஸ்ஸும் வேண்டாம், புகையும் வேண்டாம். நாங்களும் விண்ணப்பித்தோம். குலுக்கலில் எங்களுக்கு ஏழாம் மாடி விழுந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "ஏழாவது மாடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனாருக்கும் தகவல் போயிற்று. வர்ற வருஷம் குட்டி நம் வீட்டுக்கு வந்துவிடுவாள், நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம், அதுவரைக்கும் அங்கே எங்கேயும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். மாநகராட்சியே கட்டுவதால் நிழல் வரைபடம் யாரும் கேட்கவில்லை; கட்டடம் மளமளவென்று எழுந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் நான் போய் வேலிக்கு வெளியே நின்று ஆகாயத்தைப் பார்ப்பேன். ஏழாம் மாடி அப்போது காற்றில்தான் இருந்தது. ஆனாலும் எங்கள் ஜன்னல் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு அத்துப்படி. வேலையே அதுதானே.

இரண்டாம் மாடிக்குத் தளம் போட்ட வாரத்தில் மனு வந்தது.

மனு கொடுத்தவர் நிலையத்தை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் ஒரு பேராசிரியர். ஓய்வு பெற்றவர். பருவநிலை பற்றிப் பேச அவரை விட்டால் நகரத்தில் ஆள் கிடையாது. எங்கள் பிரிவின் எல்லா விழாக்களிலும் முன்வரிசை நாற்காலி அவருடையது. அவர் வீட்டுக் கார் ஷெட்டின் மேல் சோலார் பேனல் இருக்கிறது. எதிரே எழும்பும் கட்டடத்தின் நிழல் அதன்மேல் விழும். பதிவாகிப் பயன்பாட்டில் உள்ள பேனலின் மேல் எந்தப் புதுக் கட்டடத்தின் நிழலும் விழக் கூடாது என்பது நகரத்தின் சூரிய உரிமை விதி. விதியை எழுதிய குழுவிலும் அவர் இருந்தார். ஆகவே தமக்கு நியாயம் வேண்டும் என்று மிக அழகான மொழியில் கேட்டிருந்தார்.

இயக்குநர் அந்த மனுவின் கோப்பை என் மேஜையில் வைத்தார். நான் அதை அவர் பக்கமே தள்ளினேன்.

"சார், இதை வேற யார்கிட்டயாவது குடுங்க. அந்தக் கட்டடத்துல எனக்கு வீடு விழுந்திருக்கு."

"தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன். நீங்களே நிழல் விழுதுன்னு வரைஞ்சா, பாரபட்சம்னு ஒருத்தர் வாய் திறக்க முடியுமா?"

"நான் விழலைன்னு வரைஞ்சா?"

"அப்போ பாரபட்சம்னு சொல்லிடலாம்" என்றார். மனிதர் சிரிக்கவே இல்லை.

அளவெடுக்கப் போனேன். பேராசிரியர் வீடு, தோட்டம் சூழ்ந்த மாடி வீடு. அத்தனை அறைகளுக்கும் அவரும் அவர் மனைவியுமாக இரண்டு பேர். அவரே கேட்டைத் திறந்து, "வாம்மா, வெயில்ல வந்திருக்கே" என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். கெட்டவர் என்றால் வேலை சுலபமாக இருந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் அவர் நல்ல மனிதர். மொட்டைமாடியில் பேனல் வைக்காமல் ஷெட் மேல் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மொட்டைமாடியிலதாம்மா சாயங்காலம் நண்பர்கள் வருவாங்க. உலகம் எங்க போயிட்டிருக்குன்னு பேசுவோம். அங்க பேனல் வெச்சா எங்க உக்கார்றது?"

ஷெட்டில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று பேட்டரியில் ஓடுவது. மற்றது தூரப் பயணத்துக்காம். தூரப் பயணத்துக்குச் சுற்றுச்சூழல் விலக்கு உண்டு போலிருக்கிறது. ரயிலில் போவதில்லையா என்று கேட்டேன். நிலையம் வருவதையே தாம் எதிர்த்ததாகவும், அந்தச் சத்தம் இந்தத் தெருவின் அமைதியைக் கெடுத்துவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார்.

ஷெட்டின் மேல் ஏறிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம், குடை விரித்த மாதிரி ஷெட் முழுக்கக் கவிந்து நிற்கிறது. பேனல் மேல் சருகு மெத்தை. அதன் நடுவில் பூனை ஒன்று, உச்சி வெயில் நேரத்தில், நல்ல குளிர்ச்சியான இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"சார், இங்க இப்பவே நிழல்தானே இருக்கு?"

"அது மரம்மா" என்றார் பேராசிரியர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அவர் சொன்னது சரி. எங்கள் விதிப்படி நிழல் வரைபடத்தில் மரங்களைக் காட்டக் கூடாது. மரம் இயற்கை, இயற்கை தரும் நிழலை நிழலாகக் கருத வேண்டியதில்லை என்று அடிக்குறிப்பே உண்டு. கட்டடம் தருவதுதான் நிழல். நானும் இத்தனை வருஷமாக மரங்களை வெட்டிவிட்டுத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன், காகிதத்தில்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "இந்த ஊர்ல ஒவ்வொருத்தரும் என்னை மாதிரி ஒரு கூரையை மாத்திட்டா போதும்மா. பிரச்சினையே தீர்ந்துடும்."

ஒவ்வொருவருக்கும் ஒரு கூரை வேண்டுமே என்று நான் சொல்லவில்லை. நல்ல தண்ணீராகக் கொடுத்திருந்தார், அந்த மரியாதைக்கு.

அலுவலகத்துக்கு வந்து வரைந்தேன். வருஷத்திலேயே நிழல் அதிக நீளமாக விழுகிற நாளுக்கு வரைய வேண்டும். கோட்டைக் கொஞ்சம் சாய்க்க முடியுமா என்று பார்த்தேன், பொய் சொல்வானேன். முடியவில்லை. கை பழகிய கை. தப்பாகப் போட்டால் அதற்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு மேல் எழும்பினால் நிழல் தெருவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, நேராகப் போய் ஷெட்டின் மேல் படுத்துக்கொண்டது. இரண்டு மாடியோடு நிறுத்தினால்தான் பூனை நிம்மதியாகத் தூங்கலாம். என் ஏழாம் மாடியை நானே பென்சிலால் அடித்தேன்.

அன்று வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர், மனு, மரம், பூனை வரைக்கும். கேட்டுக்கொண்டே வந்தவர் கை தட்டில் அப்படியே நின்றது.

"கேட் பக்கத்துல கல் பெஞ்சு இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அந்த ஷெட்ல பேனல் வெச்சது நான்தான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நகரத்தில் இத்தனை கூரை இருக்க, என் புருஷன் தேடிப் போய், எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே, மரத்தடியில், தன் கையாலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மரத்தடின்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. மொட்டைமாடியில வைங்கன்னு சொன்னேன், கேக்கலை. அது வருஷக் கடைசி. போர்டுல எண் ஏத்தணும்னு உங்க ஆபீஸ்ல தினம் போன். எங்க வேணா வை, போட்டோ எடுத்து அனுப்பு, சர்டிபிகேட் வந்துடும்னாங்க." அவர் குரல் இறங்கியது. "இன்னொண்ணும் இருக்கு."

"சொல்லித் தொலைங்க."

"அதுக்கு ஒயர் குடுக்கலை."

"அப்படின்னா?"

"பேனல் ஷெட் மேல இருக்கு. அங்கேயிருந்து ஒண்ணும் எங்கேயும் போகலை. முதல்ல எல்லாத்தையும் வெச்சு முடி, ஒயர் அப்புறம் குடுத்துக்கலாம்னாங்க. அடுத்த கூரை, அதுக்கடுத்த கூரைன்னு ஓடினதுல விட்டுப்போச்சு. அவரும் கேக்கலை. வீட்டுல லைட்டு எரியுது இல்ல, அவருக்கு என்ன தெரியும்?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வெயிலே படாத, ஒயரே இல்லாத ஒரு பேனலின் மேல் நிழல் விழக் கூடாது என்று, அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வானத்திலிருந்து இறங்கப் போகின்றன. சிரித்துச் சிரித்து அது எங்கேயோ அழுகையாகிவிட்டது. பிறகு கோபம் வந்தது. நல்ல கோபம். அவர் தட்டை நகர்த்திவிட்டுத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி ஓய்ந்த பிறகுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது.

"இருங்க. கரண்டே வராத பேனல், பேனலே இல்லையே. விதியில 'பயன்பாட்டில் உள்ள'ன்னு இருக்கு. இதைச் சொன்னா மனு நிக்காது."

"சொல்லலாம்" என்றார். "சொன்னா என் லைசென்ஸ் போயிடும்."

ஆமாம். அதை மறந்துவிட்டேன். நானே சொன்னேன், வேண்டாம், பேசாமல் இருந்துவிடலாம், அடுத்த குலுக்கலில் பார்க்கலாம் என்று. அடுத்த குலுக்கல் எந்த யுகத்தில் என்று எனக்கே தெரியும்.

"லைசென்ஸ் போனா வேற யார்கிட்டயாவது கூலிக்கு ஏறிக்கறேன். ஏணி இருக்கு, கை இருக்கு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், திரும்பிக் கேட்டார்: "குட்டி வந்துடுவா இல்ல?"

"வந்துடுவா" என்றேன். இந்த மனிதரைத் தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன் என்று அன்றைக்கு ஒருமுறை சந்தோஷப்பட்டேன்.

விசாரணை எங்கள் மாடிக் கூடத்தில் நடந்தது. தலைமை, இயக்குநர். குலுக்கலில் வீடு விழுந்த குடும்பங்கள் பின்வரிசைகளில். பாதிப் பேர் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து, கூட்டத்தைக் கலைத்ததற்காக முறைக்கப்பட்டார்கள். பேனல் பொருத்தும் காண்டிராக்டர்கள் ஒரு ஓரத்தில்.

முதலில் பேராசிரியர் பேசினார். திரையில் உருகும் பனிமலை வந்தது. மிதக்கும் பனிக்கட்டி மேல் ஒரு கரடி வந்தது. அடுத்து அவர் வீட்டுக் கார் ஷெட் வந்தது. சருகெல்லாம் கூட்டித் துடைத்து, என் வீட்டுக்காரர் சர்டிபிகேட்டுக்காக எடுத்த அதே போட்டோ. கூட்டத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கரடிக்காகவா, ஷெட்டுக்காகவா என்று சொல்ல முடியவில்லை. சூரியன் பொதுச் சொத்து, அதை மாடி மாடியாகக் கட்டி மறிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

நான் என் வரைபடத்தை விளக்கினேன். விழுகிறது என்றேன். கூடவே, "அந்த ஷெட்டுக்கு மேல ஏற்கெனவே ஒரு மரம்..." என்று ஆரம்பித்தேன்.

"மரத்தை இதுல இழுக்காதீங்க" என்றார் இயக்குநர். "நாம பருவநிலைப் பிரிவு. மரத்துக்கு எதிராப் பேசினோம்னு வெளிய போனா என்ன ஆகும்?"

அப்போதுதான் பின்வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்தார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பேனலை வைத்தவன் நான், அதற்கு ஒயர் கொடுக்கவில்லை, இன்றுவரை அதிலிருந்து ஒரு பொட்டுக் கரண்டு வந்ததில்லை, தப்பு என்னுடையது என்றார்.

பேராசிரியர் மெல்லத் திரும்பினார்.

"அப்போ எங்க வீட்டுல எரியற லைட்டெல்லாம்?"

"அது ஊர் கரண்டுங்க சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள் வேறு. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. மறுகணமே, முடிந்தது, வீடு வந்துவிட்டது, குட்டி வந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"இந்தப் பேனல் நம்ம போர்டுல ஏறிடுச்சு" என்றார். "அறிக்கை மேலிடத்துக்குப் போயிடுச்சு. இப்போ இந்த ஒண்ணை மட்டும் கழிச்சா, மத்ததெல்லாம் வேலை செய்யுதான்னு ஒரு கேள்வி வரும்."

ஓரத்தில் இருந்த காண்டிராக்டர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இயக்குநருக்கு என்னைவிட முன்பே புரிந்திருக்க வேண்டும்.

தீர்ப்பு அதிக நேரம் எடுக்கவில்லை. குறை ஒயரில்தான் இருக்கிறது, உரிமையில் இல்லை. பேனலைப் பொருத்தியவரே வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தம் செலவில் ஒயர் இணைத்துக் கொடுக்க வேண்டும். இணைத்து முடித்த மறுநாளிலிருந்து அவர் லைசென்ஸ் ரத்து. கட்டடம் இரண்டு மாடியோடு நிற்கும். இரண்டு மாடியில் இருக்கும் வீடுகளை அத்தனை குடும்பங்களுக்கும் பங்கிட முடியாதாகையால், சிலருக்குக் கொடுத்துச் சிலருக்கு மறுப்பது அநியாயமாகையால், யாருக்கும் கொடுக்காமல் அதைப் பருவநிலை விழிப்புணர்வு மையமாக மாற்றலாம். அதன் கூரையிலும் சோலார் பேனல் வைக்கலாம். கடைசி வரிக்குக் கைதட்டல் வந்தது.

மேல்முறையீடு செய்யலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். செய்யலாம்தான். புதிதாக ஒரு நிழல் வரைபடம் வேண்டும். அதே விதி, அதே நாள், வரைகிறவளும் நானே.

ஞாயிற்றுக்கிழமை குட்டியைப் பார்க்கப் போகிற நாள். அன்றைக்குப் பார்த்து ஏணியைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் வீட்டுக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்றால், ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. வீட்டுக்காரர் முதலில் சருகைக் கூட்டினார். பூனை மனசில்லாமல் எழுந்து ஒரு முழம் தள்ளிப் படுத்தது. பிறகு ஒயரை எடுத்துச் சுவரோரமாக, நூல் பிடித்த மாதிரி, இடத்துக்கு இடம் கிளிப் அடித்து இழுத்தார். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைப் போய் இவ்வளவு ஒழுங்கா செய்யணுமா?"

"மட்டமா செய்யக் கை வரலை" என்றார்.

ஸ்விட்சைப் போட்டதும் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எண்ணைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். மரத்தின் புண்ணியத்தில், ஒரு செல்போன் சார்ஜ் ஏறலாம், பொறுமை இருந்தால். பேராசிரியருக்கு மட்டும் மகிழ்ச்சி தாங்கவில்லை. போனில் ஏதோ செயலியைத் திறந்து, பச்சை இலை ஒன்று முளைப்பதை எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். கூடத்தில் நடந்ததை அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார், குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே. "நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

வீட்டுக்காரர் எங்கள் ஊரைச் சொன்னார்.

"அடடா, அவ்வளவு தூரமா? தினமுமா? இந்தப் பக்கமே ஒரு வீடு பாத்துக்கக் கூடாதா?"

கேலி இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "பாத்துக்கிட்டுதான் சார் இருந்தோம்" என்று சொல்லிவிட்டு ஏணியை மடித்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நாத்தனாரின் போன் வந்தது.

"ஏம்மா இன்னைக்கு வரலை? காலையிலேர்ந்து பாத்துட்டே இருந்தோம்."

"ஒரு வேலை வந்துடுச்சு அண்ணி."

"சரி, அது போகட்டும். நாளைக்கு இங்க ஸ்கூல்ல சேர்க்கக் கடைசி நாள். நீங்க கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் போகலை. அந்த வீடு எப்போ ஆகும்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மீந்த ஒயரை அவர் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்ததைப் பிரித்து மறுபடி சுருட்டினார். நிமிரவே இல்லை.

"நீங்களே சேர்த்துடுங்க அண்ணி" என்றேன்.

நாத்தனார், "மனசைப் போட்டு அலட்டிக்காதே. நான் பாத்துக்கறேன். விலாசம் கேப்பாங்க, எதைப் போடறது?" என்றார்.

"உங்களோடதையே போடுங்க."

போன் கை மாறியது. குட்டிக்கு மூச்சு இரைத்தது. எங்கிருந்தோ ஓடி வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் இருக்கிறதாம், இரண்டு இருக்கிறதாம், சிவப்பு அவளுக்காம். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"அம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"வர்றோம் கண்ணு" என்றேன்.